பொறிக்குள் இருப்பவன்

ரெட்டிபாளையத்தில் என் சித்தப்பா மகன் வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அவன் பையன் கணினியில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். முதல் நாள் ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்றாம் நாள், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அவனிடம் கெஞ்சி வாங்கி நானே ஆடினேன். அறுபதைத் தாண்டியவன், கூட்டங்களில் வெகுஜன ரசனையைப் பற்றிக் கடுமையாகப் பேசி நாலு பேரைப் பகைத்துக்கொண்டவன், இரவு பதினொரு மணிக்கு ஒரு இரும்பு ராட்சதனை நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது. அந்த சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணைதான் இது. முகம் சுளிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு முக்கியம் விளையாட்டு அல்ல, அதை ஆடும்போது வாயிலிருந்து வரும் ‘நான்’ என்ற சொல்.

விளையாட்டின் பெயர் ‘கிகாண்டிக் ஆர்மி’. அஸ்ட்ரோ போர்ட் என்ற சிறு ஜப்பானியக் குழு 2010ல் வெளியிட்டது. 2014ல் ஆங்கிலத்தில் வந்தது. மனிதருக்கும் வேற்றுக் கிரகத்தாருக்கும் போர் என்று ஒரு கதை ஒப்புக்கு இருக்கிறது. தோல்பாவைத் திரையைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல ஒரு களம். அதில் பெரிய உலோக மனிதன் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கேடயமுமாக நடக்கிறான். முதுகில் பீறிடும் நெருப்பால் எம்புகிறான். எதிரே வருவதெல்லாம் சுடப்பட வேண்டியது. புதிய விளையாட்டுகளின் வழவழப்பு இதில் கிடையாது. ஒவ்வொரு அடியிலும் கனம் தெரிகிறது. நாம் நினைப்பதற்கும் அவன் செய்வதற்கும் நடுவே ஒரு இமைப்பொழுது இடைவெளி இருக்கிறது. உள்ளே ஒருவன் உட்கார்ந்து அவனை ஓட்டுகிறான். ஆனால் அந்த ஒருவன் நம் கண்ணில் படுவதே இல்லை. பட வேண்டிய அவசியமும் இல்லை, அவன் நாற்காலியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வட்டத்துக்கு இது சொந்த விஷயம் என்பதால் சொல்கிறேன். ஜப்பானில் இப்படிச் சொந்தக் கைக்காசில் செய்து விற்கப்படும் ஆக்கங்களுக்கு ‘தோஜின்’ என்று பெயர். ஒத்த மனத்தார் என்று பொருள் கொள்ளலாம். சொல் விளையாட்டிலிருந்து வந்ததல்ல, சிறுபத்திரிகையிலிருந்து வந்தது. 1885ல் ஒஸாகி கோயோவும் நண்பர்களும் ‘கராகுதா புன்கோ’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தங்களுக்குள் எழுதி, தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுப் படித்தார்கள். அந்த வகைப் பத்திரிகைக்கு தோஜின் ஏடு என்று பெயர். பிறகு சித்திரக் கதைக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1975 டிசம்பரில் டோக்கியோவில் ‘காமிக் மார்க்கெட்’ என்ற சந்தை கூடியது. முதல் சந்தைக்கு முப்பது சொச்சம் குழுக்களும் எழுநூறு பேரும் வந்தார்கள் என்கிறார்கள், இன்று லட்சக்கணக்கில். விளையாட்டு செய்கிறவர்களும் அங்கே மேஜை போட்டு விற்கிறார்கள். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததை அறிந்தவர்களுக்கு இந்த மேஜையின் உயரம் புரியும். ஆக, நான் ஆடியது ஒரு சிறுபத்திரிகை. ஆச்சரியம் என்னவென்றால் அந்தச் சின்ன மேஜையில் சின்ன மனிதர்கள் செய்து வைத்திருப்பது ராட்சதனை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

என் தம்பி — சித்தப்பா மகன் என்றால் தம்பிதானே — பொக்லைன் ஆப்பரேட்டர். ரெட்டிபாளையத்தை அறியாதவர்களுக்கு: அரியலூரைச் சுற்றிலும் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் வெட்டினால் சிப்பி சிப்பியாக ஒட்டிக்கிடக்கும் பாறை வரும். நாம் சிமெண்டு என்று சொல்வது பாதிக்கு மேல் அந்தச் சிப்பிதான். அதைத் தோண்ட ராட்சத இயந்திரங்கள் வேண்டும். மக்காச்சோளக் கொல்லைக்கு அந்தப்பக்கம் மண்மேடு. மேட்டுக்கு அப்பால் பள்ளம். பள்ளத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் அசையும் ஏதோ ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் மேயும் மிருகம் போல இருக்கும். அதற்குள் என் தம்பி இருப்பான், பனியனோடு, தோளில் ஒரு துண்டு.

அப்பனும் பிள்ளையும் பேசுவதை மூன்று நாள் கேட்டேன். பையன் ஆடும்போது, “என்னைப் பின்னாலேர்ந்து அடிக்கிறான் பெரிப்பா,” “நான் இப்ப மேலே எம்புறேன் பாருங்க,” “போச்சு, நான் செத்துட்டேன்,” என்பான். அவன் நாற்காலியில் சம்மணம் போட்டு முறுக்குத் தின்றுகொண்டிருப்பான். எம்பியதும் செத்ததும் திரையில் இருக்கிற உலோகம். அப்பனும் அப்படித்தான் பேசினான். “அந்த எடத்துல என் கை எட்டாதுண்ணே.” இருபது அடி இரும்புக் கையைச் சொல்கிறான். “நான் அப்பிடியே இடதுபக்கம் திரும்பி லாரியில கொட்டுறேன்.” திரும்புவது இயந்திரத்தின் இடுப்பு. இரண்டு லீவரைப் பிடித்திருக்கும் அவன் மணிக்கட்டு நாலு விரற்கடைகூட அசைவதில்லை. ஒரு முறை கேணியில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறான். அதைச் சொல்லும்போது குரலே மாறியது. “ஊரே நின்னுது. நான் ரெண்டு வெரலால பூவாட்டம் தூக்கிக் கரையில வச்சேன்.”

‘நான்’ என்ற சொல் இப்படி நீளும். குருடன் கைத்தடியின் நுனியில் தரையை உணர்கிறான், தையற்காரன் ஊசிமுனையில் இருக்கிறான் — இதெல்லாம் தத்துவக்காரர்கள் எழுதித் தீர்த்த விஷயம். எனக்குப் புதிதாகப் பட்டது இதன் மறுபக்கம். எட்டு வருஷத்துக்கு முன்னால், சுரங்கத்துக்கு வருவதற்கு முன், தம்பி வேறொரு மாவட்டத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வாடகை பொக்லைன் ஓட்டினான். சாலை அகலப்படுத்தும் வேலை. ஓரத்தில் இருந்த வீடுகளின் முன்பக்கத்தை இடிக்க வேண்டும். ஒரு கிழவி திண்ணையை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். யாரோ கையைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். இவன் இடித்தான். அங்கே அதிகாரிகள் நின்றார்கள், ஒப்பந்தக்காரர் நின்றார், போலீஸ் நின்றது. கிழவி யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த இவனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று இவனுக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் கேட்காமலே, “நான் இடிக்கலேண்ணே. வண்டி இடிச்சுது. என்னையத் திட்டி என்னா செய்ய?” என்றான்.

மாட்டைத் தூக்கியது நான். வீட்டை இடித்தது வண்டி. இதில் பொய் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் ஏமாற்றுக்காரன் அல்ல, என்னைவிட நேர்மையானவன். ‘நான்’ என்ற சொல்லின் சுபாவமே அது. வெற்றியில் இரும்புக் கையின் நகம் வரை பரவும். பழி என்று வந்தால் தோலுக்குள், அதற்கும் உள்ளே எங்கேயோ ஒரு பொட்டாகச் சுருங்கிக்கொள்ளும். பெரிய உடம்புக்குள் உட்காருவதன் சுகம் இந்த விரிவும் சுருக்கமும் இரண்டும் சேர்ந்தது. விளையாட்டில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தின் விலாசம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இந்த இடத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்று பொருள் சொல்கிறது நன்னூல். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது ஏதோ வாய்ப்பாடு. இப்போது யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. வாளால் வெட்டினான், வீரனால் வெட்டப்பட்டான். செய்கிற ஆளுக்கும் செய்ய உதவுகிற பொருளுக்கும் ஒரே உருபு. ‘பொக்லைனால் இடிக்கப்பட்டது’, ‘ஆப்பரேட்டரால் இடிக்கப்பட்டது’ — ‘ஆல்’ யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. கருத்தாவையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. கோயிலை அரசனால் கட்டியது என்றும் சொல்லலாம், தச்சனால் கட்டியது என்றும் சொல்லலாம். அரியலூர் மாவட்டக்காரனுக்கு இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவன் ராஜேந்திரன் என்று குழந்தையும் சொல்லும். உளி பிடித்தவர்களுக்கு நம் நினைவில் இடமில்லை. 1836ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்களே, அதைச் செய்தவன் யார் என்றால் ‘ஆங்கிலேயர்’ என்கிறோம். கடப்பாரை பிடித்த கை ஆங்கிலேயனுடையதாக இருந்திருக்காது. ஆக்கத்திலும் அழிவிலும் இயற்றுதற் கருத்தா மறைந்துபோகிறான். புகழும் கிடையாது, பழியும் கிடையாது. கண்ணாடிக் கூண்டுக்குள் முகம் தெரிந்துவிட்டால் மட்டும் ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றுவாள்.

‘பொறி’ என்ற சொல்லைப் பாருங்கள். இயந்திரமும் பொறி, கண் காது மூக்கும் பொறி, எலி பிடிப்பதும் பொறி. பெருங்கதையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து விழுகிற இடம் ஒன்று உண்டு. உதயணனைப் பிடிக்கப் பிரச்சோதனன் ஒரு யந்திர யானை செய்து, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துக் காட்டில் விடுகிறான். (ஏட்டின் முற்பகுதி கிடைக்காமலேயே உ.வே.சா. 1924ல் அதைப் பதிப்பித்தார். கதையின் இந்தத் தொடக்கத்தைப் பின்னால் வரும் குறிப்புகளைக் கொண்டும் மற்ற மொழிக் கதைகளைக் கொண்டும்தான் நாம் அறிகிறோம்.) உதயணன் யாழால் யானைகளை வசப்படுத்துகிறவன். இந்த யானையிடம் இசை செல்லவில்லை. பொறிக்குப் பொறி இல்லை; காது என்ற ஒன்று இருந்தால்தானே கேட்கும். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குக் காது இருந்ததே! யாழ் அவர்களுக்குக் கேட்டிருக்கும். யானையே மயங்கும் இசை, யானைக்குள் இருந்த மனிதர்களை என்ன செய்தது? எனக்குத் தெரிந்து யாரும் இதைக் கேட்கவில்லை. என் யூகம், கேட்டுக்கொண்டேதான் கதவைத் திறந்துகொண்டு வாளோடு குதித்தார்கள். யானைக்குள் இருக்கும் வரை அவர்கள் யானை. என் தம்பிக்குக் கிழவியின் வாய் அசைவது தெரிந்ததுபோல.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி வேறு வகை. சச்சந்தன் அதைச் செய்வித்தது யாரையும் தாக்க அல்ல, கர்ப்பிணியான விசயை தப்பிப்பதற்காக. அவள் மூர்ச்சையானதும் பொறி சுடுகாட்டில் வந்து இறங்குகிறது. ஓட்டுகிறவள் தளர்ந்தால் தானும் தளர்கிற இயந்திரம்! இதைச் செய்தவன் ஜப்பானிய ராட்சதர்களைச் செய்கிறவர்களைவிட நாகரிகமானவன் என்று எனக்குப் படுகிறது. இது என் பிரதேச அபிமானமாகவும் இருக்கலாம்.

ஜப்பானியர் வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யோகோயாமா மிட்சுதேருவின் ‘டெட்சுஜின் 28’ சித்திரக் கதை 1956ல் வந்தது. போருக்காகச் செய்யத் தொடங்கி, போர் முடிந்தபின் மிஞ்சிப்போன இரும்பு மனிதன். ஒரு சிறுவன் கையில் இயக்கும் பெட்டி. பெட்டி கெட்டவன் கைக்குப் போனால் ராட்சதன் கெட்டவன், அவ்வளவுதான். தோற்ற தேசம் பத்து வருஷம் கழித்துத் தன் ஆயுதத்தைப் பற்றி யோசிப்பது அதில் தெரிகிறது. 1972ல் நாகாய் கோவின் ‘மாஜிங்கர் இஸட்’. பையன் வெளியே நிற்பதில்லை, தலைக்குள் ஏறி உட்காருகிறான். இதைக் கொண்டு நீ கடவுளாகலாம், பிசாசும் ஆகலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அது அவன் கைக்கு வருகிறது. 1979ன் ‘குண்டம்’ அவனைப் போர்வீரனாக்கி, அவனுக்கு அழவும் கற்றுக்கொடுத்தது. வெளியே நின்றவனை உள்ளே ஏற்றியதுதான் எனக்கு இந்த வரிசையில் பெரிய சம்பவமாகப் படுகிறது. பெட்டி வைத்திருப்பவன் தான் வேறு, ராட்சதன் வேறு என்று அறிந்தவன். உள்ளே ஏறியவனுக்கு அந்த ஞானம் மங்கிவிடுகிறது. 2002ல் ஸாண்ட்லாட் என்ற நிறுவனம் செய்த ‘கிகாண்டிக் டிரைவ்’ இதைத் திருப்பிப் போட்டது. அதில் நீங்கள் தெருவில் நிற்கும் சாதாரண ஆள். கையில் இயக்கும் பெட்டி. ராட்சதனைத் தூரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தபடி ஓட்ட வேண்டும். அவன் காலடியில் நொறுங்குவது நீங்கள் வாழும் ஊர். கிழவியின் இடத்தில் ஆப்பரேட்டரை நிறுத்திய விளையாட்டு. அது பெரிதாகப் பேசப்படாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நான் ஆடிய விளையாட்டின் நேர் மூதாதை 1992ல் வந்த ‘அஸால்ட் ஸூட்ஸ் வால்கென்’. போர் முடிகிற கட்டத்தில் தோற்ற நாட்டின் தலைவர் தற்கொலை செய்துகொள்ளும் காட்சி ஒன்று அதில் உண்டு. மேல்நாட்டுக்காக அதை ‘சைபர்னேட்டர்’ ஆக்கியபோது அந்தக் காட்சியை நீக்கிவிட்டார்கள். சுட்டுத் தள்ளிய நூற்றுக்கணக்கான இயந்திரங்களை நீக்கவில்லை. இயந்திரத்துக்குள் இருப்பவன் சாவது விளையாட்டு. முகம் தெரிகிற ஒருவர் சாவது மட்டும் பிள்ளைகளுக்கு ஆகாது. அந்தக் கத்தரிக்கோல் ஆசாமிக்கு விளையாட்டின் ரகசியம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு என்னைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது அயோக்கியத்தனம். இருபத்தாறு வருஷம் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அதில் ஆறு வருஷம் நிலம் எடுக்கும் பிரிவு. நோட்டீஸ் எழுதுவது என் வேலை. ‘கையகப்படுத்தப்படுகிறது’, ‘ஆணையிடப்படுகிறது’, ‘ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது’. இந்த வாக்கியங்களில் எழுவாய் இருக்கும், பயனிலை இருக்கும், ‘ஆல்’ இருக்காது. செயப்பாட்டு வினையில் கருத்தாவைச் சொல்லாமலே விடலாம் என்ற இலக்கணச் சலுகையின்மேல் ஒரு முழு ராஜ்ஜியமே நடக்கிறது. ஒரு நாள் ஒரு பெரியவர் நோட்டீஸைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, “யாரு சாமி எடுக்கிறது?” என்று கேட்டார். “அரசாங்கம்,” என்றேன். “நீங்க?” “நான் எழுதுறவன்.” அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். பேனா பிடித்த கை. பிறகு வெயிலில் இறங்கிப் போனார். அன்று சாயங்காலம் ஒரு நண்பருக்கு ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன். அதில் ‘மொழியின் நேர்மை’ என்று ஒரு இடத்தில் வரும். கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார், துரதிர்ஷ்டவசமாக.

தம்பிக்காவது கண்ணாடிக் கூண்டு. என் கூண்டில் கண்ணாடிகூட இல்லை.

அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுக்க அறியவைத்த சம்பவம் டெட்சுஜின் வந்த அதே 1956ல், நவம்பர் 23ந் தேதி நடந்தது. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இரண்டு மாதத்துக்கு முன் மெகபூப்நகர் விபத்துக்கே கொடுத்தார்; நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார். துணை மந்திரி ஓ.வி. அளகேசனின் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து அடுத்த தேர்தலில் கோஷம் போட்டார்கள் என்பது இந்தப் பக்கத்துக் கிழவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சாஸ்திரி செய்ததை எல்லோரும் மேடையில் புகழ்கிறார்கள். அவர் செய்தது என்ன என்று யோசிப்பதில்லை. அவர் அந்த ரயிலை ஓட்டவில்லை. பாலத்தைக் கட்டவில்லை. மழையை அவர் பெய்விக்கவில்லை. கூண்டுக்கு வெகு தூரத்தில் டில்லியில் இருந்தவர். தேசத்தின் ஆகப்பெரிய பொறி அது, ஆயிரக்கணக்கான மைல் நீளமான உலோக உடம்பு. அதன் ஏதோ ஒரு விரல் நுனியில் நேர்ந்ததை ‘என்னால்’ என்று சொன்னார். என் தம்பி மாட்டைத் தூக்கியபோது விரிந்த அதே ‘நான்’, பழியின்போதும் சுருங்காமல் நின்றது. இந்த ஒரு இலக்கண நிகழ்ச்சிதான் அங்கே நடந்தது.

ஒரு நண்பர் இதை ஒப்பவில்லை. அவர் வாதம் லேசானதல்ல. “ராஜினாமாவால் செத்தவன் ஒருவன்கூட எழுந்து வரவில்லை. மேலே இருப்பவர் ‘நான்’ என்று சொல்லிவிட்டால் கீழே பாலத்தைப் பார்க்க வேண்டியவன் தப்பித்துக்கொள்வான். பொறுப்பை மொத்தமாக ஒருவர் வாங்கிக்கொள்வதும் அதை இல்லாமல் செய்கிற வழிதான். அது ஒரு அழகான சைகை,” என்றார். அழகு என்ற சொல்லை அவர் வசையாகத்தான் உபயோகித்தார். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஏவுதற் கருத்தா முன்வந்து நிற்கும்போது இயற்றுதற் கருத்தா கூட்டத்தில் கரைவது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நண்பர் பொறுப்பைப் பூர்வீக நிலம் போல நினைக்கிறார். அண்ணன் அதிகம் எடுத்துக்கொண்டால் தம்பிக்குக் குறையும் என்கிற கணக்கு. நாலு பேர் பாகம் பிரித்தால் ஆளுக்குக் கால் காணி. நிலத்துக்கு அது சரி. கிழவியின் திண்ணையை அப்படிப் பிரிக்க முடியுமா? ஏவியவருக்கு அரை, எழுதியவனுக்குக் கால், இடித்தவனுக்குக் கால் என்று? அவளுக்கு இடிந்தது முழுத் திண்ணை. பங்குபெற்றவர் எத்தனை பேரானாலும் ஒவ்வொருவர் பெயரிலும் முழுத் திண்ணையே எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். இது தாங்கமுடியாத கணக்கு என்று தெரியும். இப்படிக் கணக்கு வைத்தால் எவனும் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், கடன். எனக்கும் அப்போது இருந்தது. தாங்கமுடியவில்லை என்பதால் கணக்கு தப்பு என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

நன்னூலின் மூன்றாவது பொருளில் ஏதாவது வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். உடனிகழ்ச்சி: ஒடு, ஓடு. இயந்திரத்தால் என்று சொல்லாமல் இயந்திரத்தோடு என்று சொல்லிப் பார்க்கலாம். நான் செய்தேன், அது என்னோடு இருந்தது. அது செய்தது, நான் அதனோடு இருந்தேன். இரண்டாவது வாக்கியம் என்னைத் தப்பிக்கவும் விடவில்லை, முழுசாகக் குற்றவாளியாக்கவும் இல்லை. உடன் இருந்தான் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் லேசான குற்றமல்ல. களவு நடந்த இடத்தில் உடன் இருந்தவனிடம்தான் முதலில் கேட்பார்கள்.

சின்ன மனிதர்கள் ஏன் ராட்சதனைச் செய்கிறார்கள் என்று ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். நம் கதையும் அதுதான். முன்னூறு பிரதி அடிக்கிற நாம் ஒருவரும் சும்மா ‘எனக்கு இந்தக் கவிதை பிடிக்கவில்லை’ என்று எழுதுவதில்லை. ஏதாவது ஒரு பெரிய உடம்புக்குள் ஏறிக்கொள்கிறோம். ஒரு காலத்தில் அது மார்க்ஸீயமாக இருந்தது, பிறகு அமைப்பியல், பிறகு வேறு. ‘வரலாறு நிராகரிக்கிறது’, ‘பிரதி அனுமதிக்கவில்லை’ என்று இருபது அடிக் கையால் ஒரு இளம் கவிஞனின் திண்ணையை இடிக்கிறோம். பாராட்டு வந்தால் ‘அன்றே நான் எழுதினேன்’. அந்தப் பையன் எழுதுவதையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால் ‘விமர்சனம் கறாராகத்தான் இருக்கும்’. நான் இடிக்கவில்லை, வண்டி இடித்தது. எழுபதுகளிலிருந்து நம் பக்கங்களைப் புரட்டினால் கூண்டுக்குள் தெரியும் முகங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். சிலர் இறந்துவிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள், வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்களில் மண்குதிரை உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே ஓங்கி நிற்கும். உள்ளே வெற்றிடம். சூளையில் வெடிக்காமல் இருக்க அப்படித்தான் வனைய வேண்டும். அந்த வெற்றிடத்துக்குள் ஏறி உட்கார வேண்டும் என்று எந்தக் குயவனுக்கும் தோன்றவில்லை. செய்து முடித்துக் கண் திறந்துவிட்டு, வெளியே நின்று கும்பிட்டிருக்கிறான்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் தம்பி ஷிப்டுக்குப் போகும் முன் பையன் அவனை வற்புறுத்தி விளையாட உட்காரவைத்தான். நிஜ ஆப்பரேட்டர், பிய்த்து உதறுவான் என்று எதிர்பார்த்தோம். அரை நிமிஷத்தில் மூன்று தடவை செத்தான். அவன் கை பழக்கத்தில் மண்ணைத் தேடியது. இங்கே மண் வெறும் படம். “இதுக்குக் கால் எதுக்குடா? செயின் போட்டா போதாதா? நொடியில கவுந்துருமே,” என்று தொழில்முறையில் சில ஆட்சேபணைகள் சொன்னான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “மாமா, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அப்பனும் புள்ளையும் ஒண்ணா உக்காந்துட்டாங்க,” என்றாள். எனக்குச் சொல்ல யோக்கியதை இல்லை.

தம்பி திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். ராட்சதன் துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு விடுவதுபோல மேலும் கீழுமாக அசைந்துகொண்டு நின்றான்.

“உள்ள இருக்கவன் எது வழியாடா எறங்குவான்?”

பையனுக்குக் கேள்வி புரியவில்லை. “எறங்க மாட்டான்ப்பா. எதுக்கு எறங்கணும்?”

“ஒண்ணுக்குப் போவ வேணாமா?”

பையன் சிரித்தான். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மணி ஆகிவிட்டது என்று செருப்பை மாட்டினான். என்னை அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவன் பள்ளத்துக்குப் போக வேண்டும்.